ஆடலாம், ஆளலாகாது: குவார்ட்டர்பேக் இடமும் பல்வாங்கர் சகோதரர்களும்

1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் கேரள அணி இரயில்வே அணியை 3-2 என வென்று, முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் டி.கே.எஸ். மணி. தேவரா முதல் மட்டாஞ்சேரி வரையிலான கொச்சியின் கால்பந்து நினைவில் அவர் அன்றுமுதல் ‘கேப்டன் மணி’. 2017-இல் அவர் மறைந்தபோதும் செய்திகள் அப்பெயராலேயே அவரைக் குறித்தன. ஒரு தொடருக்காக அளிக்கப்பட்ட பொறுப்பு ஒரு மனிதரின் வாழ்நாள் பெயராகவே நிலைத்துவிட்டது.

அணித்தலைமை என்பது ஆட்டத்திறனுக்குத் தரப்படும் கூடுதல் மதிப்பெண் மட்டுமன்று. இவர் சொன்னால் மற்றவர் கேட்கலாம் என்று ஒரு சமூகம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் செயல் அது. எனவே விளையாட்டு வரலாற்றில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. யார் அணியில் சேர்க்கப்பட்டார் என்பது ஒன்று. யாரிடம் அணி ஒப்படைக்கப்பட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து பார்க்க, ஒன்றையொன்று அறியாத இரு வரலாறுகள் உதவுகின்றன. ஒன்று அமெரிக்கக் கால்பந்தின் குவார்ட்டர்பேக் இடத்தைப் பற்றியது. மற்றொன்று பம்பாய்க் கிரிக்கெட்டில் பல்வாங்கர் சகோதரர்களைப் பற்றியது.

அமெரிக்கக் கால்பந்து, நாம் அறிந்த கால்பந்திலிருந்து முற்றிலும் வேறானது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கிச் சிறுசிறு முயற்சிகளாக முன்னேறும் ஆட்டம் அது. ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் கையில்தான். வியூகத்தைத் தோழர்களுக்கு அறிவிப்பது, எதிரணியின் நிலைகொள்ளலைப் படிப்பது, எறிவதா ஓடக் கொடுப்பதா என்று சில வினாடிகளில் முடிவெடுப்பது ஆகியவை அவருடைய பணிகள். ஆட்டத்தைத் தொடங்கும் குவார்ட்டர்பேக் யார் என்பதே பல அணிகளில் அணியின் முகம் யார் என்பதற்கும் விடையாகிறது.

இந்த இடத்தைச் ‘சிந்திக்கும் இடம்’ என்று கருதியதிலிருந்துதான் சிக்கல் தொடங்கியது. 1920-இல் தொடங்கிய தேசிய லீகில் தொடக்கத்திலேயே கறுப்பின வீரர்கள் சிலர் ஆடினர். அவர்களில் முதன்மையானவர் ஃப்ரிட்ஸ் பொல்லார்ட். 1921-இல் அக்ரன் அணிக்கு வீரராகவும் பயிற்சியாளர்களுள் ஒருவராகவும் விளங்கிய அவர், 1923-இல் ஹாமண்ட் அணிக்காகக் குவார்ட்டர்பேக் இடத்திலும் ஆடினார். ஆனால் 1934 முதல் 1945 வரை அந்த லீகில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. 1946-இல் கதவு மீண்டும் திறந்தது; குவார்ட்டர்பேக் இடம் மட்டும் மூடியே இருந்தது.

1953 அக்டோபரில் வில்லி த்ரோயர் சிகாகோ பியர்ஸ் அணிக்காகச் சிறிது நேரம் பந்தெறிந்தார். அணி எல்லைக்கோட்டை நெருங்கிய வேளையில் அவரை வெளியே அழைத்து, வழக்கமான வீரரை மீண்டும் இறக்கினர். 1968-இல், அப்போது தனி லீகாக இருந்த அமெரிக்கன் ஃபுட்பால் லீகில், டென்வர் அணியின் மார்லின் பிரிஸ்கோ ஆட்டத்தைத் தொடங்கும் குவார்ட்டர்பேக்காக நிறுத்தப்பட்டார். அவரைத் தற்காப்பு வீரராகத்தான் தேர்ந்தெடுத்திருந்தனர். முதல் குவார்ட்டர்பேக் காயமுற்றதால் வாய்ப்பு வந்தது. அந்தப் பருவத்தில் அவர் 14 டச்டவுன்களுக்குப் பந்தெறிந்தார். அடுத்த ஆண்டு டென்வரில் அவருக்கு அந்த இடம் இல்லை. பஃபலோ அணிக்குச் சென்று, எறியப்படும் பந்தைப் பிடித்து ஓடும் வீரராக மாறி அதிலும் புகழ்பெற்றார். ஆனால் மீண்டும் குவார்ட்டர்பேக் ஆகவில்லை.

பிரிஸ்கோவுக்கு நேர்ந்தது தனிமனித அவலம் மட்டுமன்று. அது ஒரு நடைமுறை. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக விளங்கிய கறுப்பின இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஏற்றன. ஆனால் ஓடும் இடத்துக்கோ பிடிக்கும் இடத்துக்கோ தடுக்கும் இடத்துக்கோ மாற்றின. 1970-இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் ஆகிய சமூகவியலாளர்கள் இந்தப் பரவலை ஆராய்ந்து, அணியின் மைய இடங்களில் வெள்ளையர் மிகுந்தும் கறுப்பினத்தார் குறைந்தும் இருப்பதைக் காட்டினர். வாரன் மூன் இடம் மாற மறுத்துக் கனடாவுக்குச் சென்றார். அங்கு எட்மண்டன் அணி 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து முறை கோப்பையை வென்றது. 1984-இல்தான் அவர் அமெரிக்க லீகுக்கு வந்தார். 1988 ஜனவரியில் வாஷிங்டன் அணியின் டக் வில்லியம்ஸ், சூப்பர் பௌல் இறுதியாட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன்களுக்குப் பந்தெறிந்து 42-10 என வெற்றி தேடித் தந்தார்.

பொல்லார்ட் ஹாமண்டில் ஆடிய அதே 1923-இல், பம்பாயில் வேறொரு பூட்டுத் திறந்தது. அதன் முன்கதை பூனாவில் தொடங்குகிறது. சமார் சமூகத்தில் பிறந்த பல்வாங்கர் பாலூ, ஐரோப்பியர்களின் பூனா ஜிம்கானாவில் மைதானப் பணியாளராக இருந்தார். வலைப்பயிற்சியில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பந்துவீசியே இடக்கைச் சுழலில் தேர்ந்தார். பூனாவின் இந்து அணிக்கு அவருடைய பந்துவீச்சு தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு அரங்குக்கு வெளியே, தூக்கியெறியத்தக்க மண்குவளையில் தேநீர் தரப்பட்டது.

பம்பாய்க்குப் பெயர்ந்தபின் பாலூவின் புகழ் வளர்ந்தது. 1906-இல் இந்து அணி ஐரோப்பிய அணியை வென்றபோது அவ்வெற்றியில் அவருக்குப் பெரும்பங்கு இருந்தது. 1911-இல் இங்கிலாந்து சென்ற அனைத்திந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த அணியின் தலைவர், இருபது வயதையும் எட்டாத பட்டியாலா மகாராஜா. பம்பாய்த் தொடர்களில் இந்து அணியின் தலைமை பாலூவுக்கு உரியது என்ற கோரிக்கை பலமுறை எழுந்தும் ஏற்கப்படவில்லை. சிவராம், விட்டல் ஆகிய தம்பியரும் அதே அணியில் சிறந்து விளங்கினர். 1920-இல் பாலூ அணியில் சேர்க்கப்படாமல், தலைமை டி.பி. தேவதருக்குச் சென்றபோது, விட்டலும் சிவராமும் தம் எதிர்ப்பைப் பொதுவெளியில் அறிவித்து விலகினர். அதன்பின் ஒரு சமரசம் ஏற்பட்டது: எம்.டி. பாய் தலைவர், பாலூ துணைத்தலைவர். 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அந்த ஆண்டு கோப்பையும் அவர்களுக்கே வந்தது. பாலூ ஒருபோதும் முழுத்தலைவர் ஆகவில்லை.

இரு வரலாறுகளையும் ஒன்றென்று கொள்வது பிழையாகும். அமெரிக்காவில் தடை ‘அறிவுக்கூர்மை’ என்ற சொல்லில் பேசியது; பம்பாயில் அது தூய்மை, படிப்பு, குலம் என்ற சொற்களில் பேசியது. ஒன்றில் நிறமும் சட்டப்பூர்வமான பிரிவினையின் நினைவும் இருந்தன. மற்றொன்றில் தீண்டாமை இருந்தது. எனினும் தடை செயல்பட்ட முறை ஒன்றுபோலவே இருக்கிறது. உழைக்கும் கை, ஓடும் கால் ஆகியவை ஏற்கப்பட்டன. கட்டளையிடும் வாய் ஏற்கப்படவில்லை. வெற்றி தேவைப்பட்ட அளவுக்குத் திறமை அனுமதிக்கப்பட்டது. அத்திறமைக்கு மற்றவர் கட்டுப்பட நேரும் இடத்தில் எல்லை போடப்பட்டது.

அந்த எல்லை எளிதில் அழிவதில்லை. தேசிய லீகில் பொல்லார்டுக்குப் பின் மற்றொரு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ஆர்ட் ஷெல் அமர்வதற்கு 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலையில் பட்ட அடிகளால் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு வழங்கும் ஏற்பாட்டில், கறுப்பின வீரர்களின் சிந்தனைத்திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்று கொள்ளும் கணக்கீட்டு முறை பயன்பட்டது. அதனைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது 2021-இல்தான். அடுத்து 2023 பிப்ரவரியில் பேட்ரிக் மஹோம்ஸும் ஜேலன் ஹர்ட்ஸும் சூப்பர் பௌலில் எதிரெதிராகத் தொடங்கினர். இரு அணிகளின் குவார்ட்டர்பேக்குகளும் கறுப்பினத்தவராக அமைந்த முதல் சூப்பர் பௌல் அது. பொல்லார்ட் அந்த இடத்தில் ஆடி அப்போது ஏறத்தாழ 100 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாலூவின் பிற்காலமும் இதே கேள்வியை அரசியலுக்குள் கொண்டுசென்றது. 1932-இல் தனித்தொகுதி, கூட்டுத்தொகுதி விவாதத்தில் சென்னையின் எம்.சி. ராஜாவைப் போல அவரும் கூட்டுத்தொகுதியின் பக்கம் நின்றார். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். ஒடுக்கப்பட்டோரின் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதே அந்த விவாதத்தின் மையம். அதன் ஒரு வடிவத்தை அவர் ஏற்கெனவே இந்து அணியின் தேர்வுக்குழுவிடம் சந்தித்திருந்தார்.

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் ‘முதல்வர்’களின் பட்டியலாக எழுதப்படுகிறது. முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக், முதல் தலித் அணித்தலைவர் என்ற வரிகள் அவசியமானவையே. ஆயினும் அப்பட்டியல் கதவு திறந்த நாளை மட்டுமே பதிவு செய்கிறது. கதவு மூடியிருந்த காலத்தில் இடம் மாற்றப்பட்டவர்கள் அணிப்பட்டியல்களில் ஓட்டக்காரர்களாகவும் பந்துவீச்சாளர்களாகவும் பதிவாகியிருக்கிறார்கள். அவர்கள் முன்பு என்ன ஆடினார்கள், எந்த வயதில் எதற்காக மாற்றப்பட்டார்கள் என்று அப்பெயர்களை மீண்டும் படிப்பது ஆய்வு மாணவர்களுக்கு முன்னுள்ள பணி. கல்லூரி மைதானங்களின் பழைய அணிப்படங்களும் விழா மலர்களும் இதற்கு ஆவணங்களாகும். அவற்றில் நடுவில், பந்தோடு அமர்ந்திருப்பவர் யார் என்பதோடு, எப்போதும் ஓரத்தில் நிற்பவர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.