வெள்ளி காட்டிய ஜெர்மானியம்

சாக்சனியின் ஃப்ரைபெர்க் நகரை ஒட்டிய ஹிம்மெல்ஸ்ஃபூர்ஸ்ட் சுரங்கத்தில் 1885-ல் ஒரு புதிய கனிமம் கிடைத்தது. எஃகுச் சாம்பல் நிறத்தில் லேசான செம்மை ஓடும், நாளானால் கறுக்கும். கத்தியால் எளிதில் கீறலாம், ஆனால் எடை நீரைப்போல ஆறு மடங்குக்கு மேல். அவ்வூர்ச் சுரங்கக் கல்விக்கழகத்துக் கனிமவியல் பேராசிரியர் அல்பின் வைஸ்பாக், ‘வெள்ளி மிக்கது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்கு ஆர்கைரோடைட் எனப் பெயரிட்டார். ஆனால் அது புகழ் பெற்றது வெள்ளியால் அல்ல, அதில் மறைந்திருந்த ஜெர்மானியத்தால். அதனால் பெயர் பொருந்தவில்லை என்பவர்கள் உண்டு. எனக்கோ, இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது என்றே படுகிறது.

வைஸ்பாக்கின் சகாவான வேதியியலர் கிளெமென்ஸ் விங்க்லர் அதைப் பகுத்தபோது வெள்ளி ஏறத்தாழ 75 சதவீதம், கந்தகம் 17 சதவீதம் இருந்தன. இரும்பு, துத்தநாகம், பாதரசத்தைச் சேர்த்தும் கூட்டுத்தொகை 93-ஐத் தாண்டவில்லை. முக்கால் பங்கான வெள்ளியின் அளவில் சற்றே பிசகியிருந்தாலும் எஞ்சிய 7 சதவீதம் நம்பத்தகுந்த தடயமாகியிருக்காது. தன் தராசை நம்பியதால்தான் விங்க்லர் விடாமல் தேடினார். தேடலும் எளிதாக இல்லை: அந்தப் புதிய தனிமத்தின் சல்ஃபைடு, அமிலம் மிகுந்தால்தான் வெண்ணிறமாக வீழ்படியும், இல்லையேல் கரைசலோடு போய்விடும். 1886 பிப்ரவரி 6 அன்று அது பிடிபட்டது.

தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவ் 1871-லேயே அணு எடை 72, அடர்த்தி 5.5 கொண்ட ‘எகா சிலிக்கான்’ என்ற தனிமத்தை முன்னுரைத்துவிட்டாரே, கண்டுபிடித்தது அட்டவணைதானே என்று கேட்கலாம். ஆனால் விங்க்லர் அந்தத் தனிமத்தைத் தேடிப் போகவில்லை. கிடைத்த பிறகும் ஆண்டிமனிக்கும் பிஸ்மத்துக்கும் இடையிலுள்ள காலியிடம்தான் அதன் இடம் என்று முதலில் கருதினார். மெண்டலீவும் உடனே அடையாளம் காணவில்லை. அணு எடை 72-ஐ ஒட்டி வந்த பின்னரே ஐயம் முழுதும் நீங்கியது. அட்டவணை அந்தத் தனிமத்துக்கு இடம் தந்தது. தனிமத்தைத் தந்தது தராசு.

ஆர்கைரோடைட்டுக்கு விங்க்லர் தந்த வாய்பாடு பின்னர் திருத்தப்பட்டது என்பதும் உண்மையே. பொலிவியாவில் கிடைத்த அதே கனிமத்தை ஆராய்ந்த அமெரிக்கர் பென்ஃபீல்டு, எட்டு வெள்ளி அணுக்களுக்கு ஒரு ஜெர்மானியம், ஆறு கந்தகம் என்று நிறுவினார். 1894-ல் ஜெர்மானியத்தின் இடத்தில் பெரும்பாலும் வெள்ளீயம் அமர்ந்த இணைக் கனிமத்தையும் விவரித்து, கான்ஃபீல்டைட் என்று அழைத்தார். ஜெர்மானியம் வெள்ளீயத்துக்கு வழிவிட்ட அந்தக் கனிமத்திலும் வெள்ளி அணுக்கள் எட்டுதான்.