மலையகப் புனைகதை: உறுப்புகளும் உத்திகளும்

மலையகப் புனைகதை என்பது, தென்னிந்தியாவிலிருந்து வந்து இலங்கையின் மத்திய, ஊவா, சப்பிரகமுவ மாகாணங்களின் தோட்டங்களில் நிலைகொண்ட தமிழ்த் தொழிலாளரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுந்த சிறுகதைகளையும் நாவல்களையும் குறிக்கும். புனைகதைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் களம், பாத்திரம், கதைப்பின்னல், நோக்குநிலை, உரையாடல் என்னும் உறுப்புகள் யாவும் இவ்விலக்கியத்திலும் உண்டு. எனினும், ஏனைய உறுப்புகள் களத்திற்குக் கட்டுப்பட்டு, அதனிடமிருந்தே உருவம் பெறுவது இதற்குரிய விசேஷமாகும். பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலி-எல, பதுளை என 1924இல் பதுளையை எட்டிய இருப்புப்பாதையின் இருமருங்கிலும் விரிந்த ஊவாத் தோட்டங்கள், இவ்விலக்கியத்தின் தலைசிறந்த கலைஞர் ஒருவரைத் தந்தமையால், இக்கட்டுரையில் அவை சற்று விரிவாகப் பேசப்படுகின்றன.

தோற்றம்

1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிய மக்கள் நெடுங்காலம் தம் கதைகளைப் பாட்டாலும் கூத்தாலுமே சொல்லி வந்தனர். தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு ஆகியவற்றோடு காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய ஆட்டங்கள் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்து முற்றங்களில் நிலைபெற்றிருந்தன. அச்சேறியவற்றுள் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ (1869) குறிப்பிடத்தக்கது; அது செய்யுளாதலின் புனைகதையாகாது. கண்டியில் வாழ்ந்த சித்திலெவ்வை 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதி ஈழத்துத் தமிழ் நாவலைத் தொடக்கி வைத்தாராயினும், அண்டையிலிருந்த தோட்டங்கள் அதன் களமாகவில்லை.

மலையகத்தின் முதற் சிறுகதை எது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. தொழிற்சங்க முன்னோடியும் ‘தேசபக்தன்’ ஆசிரியருமான கோ. நடேசய்யரின் ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்பதையே முதலாகக் கொள்வோர் உளர். அது பிரசாரத்தின் பொருட்டு எழுந்த வசனச் சித்திரமேயன்றிச் சிறுகதைக்குரிய வடிவம் முற்றும் அமைந்ததன்று எனக் கருதுவோரும் உளர். 1930களில் மணிக்கொடி இதழில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டதாயினும், தமிழகத்திலிருந்து நோக்கி எழுதப்பட்டமையால் அதனை மலையக இலக்கியத்துள் அடக்குவதா, அதற்கு முன்னோடியாகக் கொள்வதா என்பதும் ஒருமுகமாகத் தீர்மானிக்கப்பட்டிலது.

1940களிலும் 1950களிலும் எழுதியோருள் மடக்கும்பரவில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர்.

1960 முதல் 1983 வரை

இலக்கிய வரலாற்றாசிரியர் யாவரும் விரிவாகப் பேசுவது இக்காலப்பகுதியையே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் எதிர்காலத்தை, 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையாக வகுத்தபோது, தோட்டப் பாடசாலைகளிற் கற்று வெளிவந்த முதல் தலைமுறையினர் பேனாவைக் கையிலெடுத்திருந்தனர். வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் நடத்திய தோட்ட மஞ்சரிப் பகுதியும், அப்பத்திரிகையின் வாயிலாக நடைபெற்ற மலையகச் சிறுகதைப் போட்டிகளும் அவர்களுக்கு அரங்கமைத்துக் கொடுத்தன. பரிசுக் கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்னும் பெயரால் தொகுக்கப்பட்டன. பத்திரிகைப் பக்கத்தின் அளவே கதையின் அளவாயிற்று. ஆதலால், இக்காலத்தில் நாவலினும் சிறுகதையே உத்தி முறையில் முந்தி வளர்ந்தது.

களம்: தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த கிரமம், அந்நூலைக் கருதாமலே இக்கதைகளில் நிறைவேறியிருக்கக் காண்கிறோம். ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்றே அங்குள்ள தேயிலைக்கு உலகப் புகழ் தேடித்தரும் மணத்தை ஊட்டுவது. அதே வறட்சியிற் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் வேலைநாள் குறையும். வேலைநாள் குறைந்தால் கடைக்காரன் புத்தகத்திற் கடன் ஏறும். பருவம் இங்கே வருணனைக்குரிய பின்னணியாக நில்லாது, சம்பவங்களைப் பிறப்பிக்கும் காரணமாகவே தொழிற்படுகிறது. லயத்துக் காம்பிராவின் நிலையும் அத்தகையதே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறை, முன்னே ஓர் இஸ்தோப்பு (திண்ணை), மூலையில் அடுப்பு, அதன் புகை படிந்து கறுத்த தகரக்கூரை, பக்கத்துக் குடும்பத்தின் இருமலும் கேட்கும் இடைச்சுவர்: இவ்வளவையும் ஓர் எழுத்தாளன் உள்ளபடி எழுதிவிட்டால், கதைக்கு வேண்டிய முரண் தானே அமைந்துவிடுகிறது.

இதனை முற்ற உணர்ந்தவர் தெளிவத்தை ஜோசப் (1934–2022). ஹாலி-எலயை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த இவர், பதுளைப் பகுதியிலுள்ள தெளிவத்தைத் தோட்டத்திற் பணியாற்றியமையால் அப்பெயரையே தம் பெயருக்கு முன்னடையாக்கிக் கொண்டார். இவருடைய ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே காம்பிராவில் இராப்பொழுதைக் கழிக்க நேரும் சங்கடத்தைப் பொருளாகக் கொண்டது. அறையின் நெருக்கம் ஒரு மனிதனின் மானத்தைத் தீண்டுமிடத்தை, கண்டனச் சொல் ஒன்றும் சேர்க்காமல், செயலாலும் கூச்சத்தாலுமே ஆசிரியர் புலப்படுத்துகிறார். சொல்லாமல் உணர்த்துதல் என்னும் சிறுகதைத் தர்மத்திற்கு மலையகத்தில் இதனினும் நல்ல உதாரணம் காட்டல் அரிது. இவருடைய ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் 1974இலும், ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன.

நோக்குநிலை: வெளியிலிருந்து வந்து பரிவோடு நோக்கியவர்களின் பார்வைக்கும், லயத்துக்குள்ளிருந்து எழுதியவர்களின் பார்வைக்கும் உள்ள வேற்றுமை இக்காலத்திலேதான் தெளிவாயிற்று. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) கடல்கடந்து வந்த குடும்பத்தின் தலைமுறை வரலாற்றை விரித்துரைத்தது. வைத்தியரான நந்தி ‘மலைக்கொழுந்து’ எழுதினார். மலையகத்தின் முதல் நாவல் என்னும் சிறப்பு இவற்றுள் ஒன்றற்கா, அவற்றுக்கு முன்னரே பத்திரிகையில் தொடர்கதையாக வந்த வேலுப்பிள்ளையின் ஆக்கங்களுக்கா உரியது என்பது, பத்திரிகைத் தொடரைக் கணக்கிற் கொள்வதையும் கொள்ளாமையையும் பொறுத்தது. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ (நூலாக்கம் 1981), சங்கம் அமைக்க முற்பட்டவன் வேலையோடு வீட்டையும் இழக்கும் நிலையை அவன் பக்கம் நின்றே காட்டுகிறது. தோட்ட அதிகாரியான துரையின் பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையே நின்ற கணக்கப்பிள்ளை, கண்டக்டர், தோட்டத்து ஆசிரியர் ஆகியோரின் கண்வழியே கதை சொல்லும் முறையை ஜோசப் நயமுறக் கையாண்டார். இரு பக்கமும் காணக்கூடிய அந்த இடைநிலை, சொல்வோனையே நியாயம் கேட்டு நிறுத்தும் வசதியைப் புனைகதைக்கு அளித்தது.

உரையாடல்: 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், பேச்சுவழக்கைப் புனைகதையில் அனுமதிப்பது தகுமா என்று பண்டிதர்களும் முற்போக்கு எழுத்தாளர்களும் கடுமையாக வாதிட்டனர். வாதம் எவ்வாறாயினும், பெரட்டு (காலை ஆட்கணக்கெடுப்பு), செக்ரோல் (வரவுப் பதிவேடு), அரைப்பேர் (அரைநாட் சம்பளம்), கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரித்தல்), பிள்ளைக் காம்பிரா (குழந்தைக் காப்பகம்) ஆகிய சொற்களை விலக்கித் தோட்டத்துக் கதை எழுதுதல் இயலாது என்பதை மலையக எழுத்தாளர் செயலிற் காட்டினர். வானொலி நாடகத்திற் பயின்று சிறுகதைக்கு வந்த என். எஸ். எம். இராமையா (1931–1990) இத்துறையில் வல்லவர். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் தொழில்திறனையும் ரோஷத்தையும் மையமாக்கிய இவரது ‘ஒரு கூடைக் கொழுந்து’ தினகரன் பத்திரிகையில் வெளிவந்தது. அதனைத் தலைப்பாகக் கொண்ட தொகுதியை 1980இல் பதிப்பித்த வைகறைப் பதிப்பகம், பதுளையிற் பிறந்த விமர்சகர் மு. நித்தியானந்தனின் முயற்சியாகும்.

கதைப்பின்னல்: விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டுப் பெரட்டுக்குச் செல்வதில் தொடங்கி, மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசின்முன் கூடையிறக்கி நிற்பதில் முடியும் ஒரு பகலே பல கதைகளுக்குச் சட்டகமாகிறது. நிறுவையின்போது கணக்கப்பிள்ளை கழித்துவிடும் இரண்டொரு இறாத்தல், உச்சகட்டத்திற்குப் போதுமான சம்பவமாகும். முழுநாட் பேர் விழுமா, அரைப்பேராகுமா என்னும் ஐயம் வாசகனை இறுதிவரை இழுத்துச் செல்கிறது. கொலையும் களவும் தராத விறுவிறுப்பை இச்சிறு ஐயம் தருதல் வியக்கத்தக்கது. கூட்டுப் போராட்டத்தைப் பொருளாக்கிய நாவல்கள் வேறு வழியிற் சென்றன. தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ (1979), தோட்டக் காணியைப் பறிக்கும் முயற்சியை மக்கள் எதிர்த்து நிற்பதைத் தனியொரு நாயகனிடத்தன்றித் திரளான பாத்திரங்களிடத்துப் பகிர்ந்து காட்டுகிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தை வைத்து முல்க்ராஜ் ஆனந்த் 1937இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியையே பற்றிச் செல்வதோடு இதனை ஒப்பிடலாம்.

பிற்காலம்

1983ஆம் ஆண்டு தமிழருக்கெதிரான வன்செயலுக்குப் பின், தாயகம் திரும்பியோரின் வாழ்வும், நகரத்துக்குப் பெயர்ந்த மலையகத்தவரின் அச்சமும் கதைப்பொருளாயின. ஜோசப்பின் ‘குடை நிழல்’ (2010) இவ்வகையது. மலரன்பன், மாத்தளை சோமு, மு. சிவலிங்கம், பதுளை சேனாதிராஜா முதலியோர் தொடர்ந்து எழுதினர். 2013இல் ஜோசப்புக்கு விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது.

ஆய்வுத்துறையில் சாரல்நாடனின் நூல்களும், ஜோசப்பின் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ம் (2000), நித்தியானந்தனின் ‘கூலித் தமிழ்’உம் (2014) முதன்மையானவை. படைப்புகளை நேரே பயில விழைவோர், ஜோசப் தொகுத்துத் துரைவி பதிப்பகம் வெளியிட்ட ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ ஆகிய இரு தொகுதிகளிலிருந்து தொடங்குதல் நன்று.