வெறுங்கை விடுதலை

மயிலாப்பூர் சாந்தோம் பேராலயத்தில் ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் பல உண்டு. தேவைப்பட்டால் சிலவற்றைக் குறைத்துக்கொள்ள வழிபாட்டு விதி இடம் தருகிறது. ஆனால் இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்ததைச் சொல்லும் விடுதலைப் பயண நூலின் 14ஆம் அதிகாரத்தை மட்டும் எந்தக் கோயிலும் விட்டுவிடக் கூடாது. கிறிஸ்துவின் உயிர்ப்பைக் கொண்டாடும் இரவிலும் அடிமைகளின் கதை அவ்வளவு இன்றியமையாதது. அந்தக் கதை எகிப்திலிருந்து வெளியேறிய இரவோடு முடிந்துவிடுவதில்லை. வெளியேறியவன் சொந்தக் காலில் நிற்கும்போதுதான் பாஸ்கா நிறைவேறுகிறது. இதற்கான சான்று வேதத்திலும் இருக்கிறது, சென்னையைச் சூழ்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாற்றிலும் இருக்கிறது.

நிலைக்கால்களில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசி, புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் உண்டு புறப்பட்ட மக்கள், எகிப்தியரிடம் வெள்ளியும் பொன்னும் ஆடைகளும் கேட்டுப் பெற்றுக்கொண்டே சென்றார்கள். பிற்பாடு எழுந்த சட்டமும் இதையே விதியாக்கியது. ஆறு ஆண்டு உழைத்த எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்கும்போது ஆடும் தானியமும் திராட்சை இரசமும் தாராளமாகக் கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறது இணைச் சட்டத்தின் 15ஆம் அதிகாரம். எகிப்தில் நீயும் அடிமையாக இருந்தாய் என்பதே அது சொல்லும் காரணம். செதேக்கியா அரசன் காலத்தில் எருசலேமியர் அடிமைகளை விடுவித்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டபோது, நகரமே அழியும் என்று எச்சரித்தார் எரேமியா.

விடுவித்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற இந்த அளவுகோலை நம் ஊருக்கு வைத்துப் பார்ப்போம். பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கி வைத்தது. 1843இல் வந்த ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்று சொன்னது. விடுபட்டவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கொடுக்கவில்லை. விளைவை 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் தம் அறிக்கையில் பதிவு செய்தார்.  தரிசு நிலத்தில் பரம்பரை நில உரிமையாளரான மிராசுதாருக்கே முன்னுரிமை. குடிசை போட்ட மனைகூடச் சொந்தமில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் கடனில் கட்டுண்டு படியாட்களாகவே கிடந்தார்கள். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற மிஷனரிகளும் அவர்களுக்கு நிலம் கேட்டுப் போராடினர். அதன் பிறகே 1892இல் பஞ்சமி நிலம் என்ற பெயரில் அவர்களுக்கு நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. சட்டப்படி விடுதலை வந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழிந்திருந்தது.

பாஸ்கா பாவத்திலிருந்து ஆன்மா பெறும் மீட்பு, அதில் நிலத்துக்கு என்ன வேலை என்று பக்தர்கள் கேட்கலாம். கிறிஸ்துவையே பாஸ்கா ஆடு என்றார் பவுல் என்பதும் உண்மை. ஆனால் 1807இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று லண்டனில் அச்சான சுருக்க வேதாகமத்தில், எகிப்திலிருந்து வெளியேறும் கதை நீக்கப்பட்டிருந்தது. அது ஆன்மாவை மட்டுமே பற்றிய கதையாக இருந்தால் அதை மறைக்கத் தேவையே இருந்திருக்காது. வேதமே அடிமைமுறைக்கு இடம் கொடுத்ததே என்பது இன்னொரு மறுப்பு. வேற்றினத்தாரை அடிமையாக வைத்துக்கொள்ள லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் அனுமதிக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அதே நூலின் 19ஆம் அதிகாரம், எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள், எனவே அந்நியரை உங்களைப் போலவே நேசியுங்கள் என்கிறது. எகிப்தின் நினைவு அந்த அனுமதியை உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கிறது.

பஞ்சமி நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. இருந்தும் நிலங்கள் கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். செங்கடல் வாசகத்தைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் இதில் கடமை உண்டு. அந்த நிலங்கள் உரியவர்கள் கைக்குத் திரும்பக் குரல் கொடுங்கள்.