கைக்கு ஏத்த எலி எது?

அணைக்கட்டு, ஆம்பூர் பக்கம் ஷூ தைப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: 'லாஸ்ட்' சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் காலைக் கடிக்கும். கணினியில் வரைபவர்களின் மவுஸ் கதையும் இதேதான்... அது கையைக் கடிக்கும்!

1963-ல் ஐவன் சதர்லாண்ட், எம்.ஐ.டி.யில் 'ஸ்கெட்ச்பேட்' மூலம் திரையிலேயே லைட் பென்னால் கோடு போட்டார். பார்க்க அழகு. ஆனால் நாள் முழுக்கக் கையைத் தூக்கியே வைத்திருந்தால் தோள் என்ன ஆகும்?

அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலிஷ் முதல் மவுஸைச் செய்தார். மரப்பெட்டி, அடியில் 2 சக்கரம், மேலே ஒரே ஒரு பொத்தான். "எங்கள் சரக்கு நல்ல சரக்கு" என்று அவர்கள் சும்மா விற்கவில்லை. லைட் பென், ஜாய்ஸ்டிக், முழங்காலால் நகர்த்தும் கருவி (ஆமாம், முழங்கால்தான்!) எல்லாவற்றையும் ஆட்களிடம் கொடுத்து நேரமும் தவறும் கணக்கிட்டார்கள். 1967-ல் முடிவு வெளிவந்தது. புதியவர்களுக்கு லைட் பென்னும் முழங்கால் கருவியும் வேகம். பழகியவர் கையில் மவுஸே ஜெயித்தது.

பிறகு வந்த வினைதான் சக்கரம். 1996-ல் மைக்ரோசாஃப்டின் இன்டெல்லிமவுஸ் வந்த பின், நடுப்பொத்தான் இருந்த இடத்தில் சக்கரம் உட்கார்ந்தது. இணையம் படிக்க வசதி. ஆனால் பல கேட் மென்பொருள்களில் படத்தைத் திருப்ப நடுப்பொத்தானை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். உருளும் சக்கரத்தை நாள் முழுக்க அழுத்தினால் விரல் வலிக்காமல் என்ன செய்யும்? 2015-ல் 3டிகனெக்‌ஷன் நிறுவனம் 'கேட்மவுஸ்' கொண்டுவந்தது. சக்கரம் தனி, நடுப்பொத்தான் தனி.