பாப்பான்: கிளேடாங் மலையடியில் ஒரு பழைய ஈய ஊர்

பாப்பான், மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கிந்தா பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் கிளேடாங் மலைத்தொடரை ஒட்டி இருக்கும் சிற்றூர். ஈப்போவிலிருந்து மெங்லெம்பு, லகாட் வழியாகப் பூசிங் செல்லும் தடத்தில், பூசிங்குக்குச் சற்று முன்னால் வருகிறது. பெரிய தெரு என்று சொல்ல ஒன்றே ஒன்று. அதன் இருபுறமும் இரண்டடுக்குச் சீனக் கடைவீடுகள், பலவற்றில் ஆளில்லை. கூரை விழுந்த வீடுகளுக்குள் மரம் முளைத்து, அதன் வேர் செங்கற்சுவரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. சுற்றுலாக் கையேடுகளில் சில இதைப் பேய் ஊர் என்று எழுதி ஆள் பிடிக்கின்றன. ஊரில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதால் அந்தப் பெயர் பொருத்தமும் இல்லை, மரியாதையும் இல்லை.

இவ்வூரின் வரலாறு மலையிலிருந்தே தொடங்க வேண்டும். கிளேடாங் மலை கருங்கல்லால் ஆனது. அந்தக் கல்லில் இருந்த வெள்ளீயத் தாது காலங்காலமாக மழையில் அரிக்கப்பட்டு, அடிவாரத்துச் சுண்ணாம்புக்கல் தரையில் மணலோடும் களிமண்ணோடும் வந்து படிந்தது. மண்ணைத் தோண்டித் தண்ணீரில் அலசினால் கனமான ஈயமணல் கீழே தங்கும். 1880களில் கிந்தாவுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து சேர்ந்தது இதற்காகத்தான்.

பாப்பானில் முதலில் காலூன்றியவர்களில் சுமத்திராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்கள் முக்கியமானவர்கள். அவர்களின் தலைவர் ராஜா பிலா 1882இல் இவ்வூரின் பெங்குலுவாக (ஊர்த்தலைவராக) நியமிக்கப்பட்டார். தூண்கள் மேல் நிற்கும் மரப்பள்ளிவாசல் 1888ஐச் சேர்ந்தது. 1896இல் கட்டப்பட்ட 'ரூமா பெசார்' எனும் பெரிய வீடு அவர் குடும்பத்துக்கு இல்லமாகவும் ஊர் நிர்வாகத்துக்கு மன்றமாகவும் இருந்தது. பின்னர் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பெருகினார்கள், கடைத்தெரு அவர்களுடையது. தமிழர்களுக்கு இம்மாவட்டத்தில் பிழைப்பு பெரும்பாலும் ரப்பர் தோட்டங்களிலும் சாலை, ரயில் வேலைகளிலும் அமைந்தது. ஈயச் சுரங்கத்தில் சீனர், தோட்டத்தில் தமிழர் என்கிற அந்தப் பிரிவு இன்றும் கிந்தாவின் ஊர்ப்பெயர்களிலும் கோயில்களிலும் தெரிகிறது.

ஆனால் பாப்பானைத் தமிழர் அறிய வேண்டிய காரணம் வேறு. அது பெரிய தெருவின் 74ஆம் எண் கடைவீடு.

அங்கே வாழ்ந்த சிபில் கார்த்திகேசு 1899 செப்டம்பர் 3 அன்று சுமத்திராவின் மேடானில், யுரேசியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். செவிலியர், மருத்துவச்சி, கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். தைப்பிங்கில் பிறந்த தமிழரான மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவை 1919இல் மணந்தார். கணவர் இந்து என்பதால் முதலில் பெண் வீட்டில் எதிர்ப்பு இருந்தது. 1926 முதல் இருவரும் ஈப்போ புருஸ்டர் சாலையில் (இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை) மருத்துவமனை நடத்தினர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படை நெருங்கியபோது குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது.

74ஆம் எண் வீட்டில் பகலில் ஊர்மக்களுக்கு வைத்தியம் நடந்தது. இரவில், மலைக்காட்டில் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகள் பின்வாசல் வழியாக வந்து காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டு போனார்கள். மாடிப்படிக்கு அடியில் குழி தோண்டி ஒளித்து வைத்த சிற்றலை வானொலியில் லண்டன் செய்தி கேட்டு, அதையும் வெளியே சொல்லியனுப்பினார்கள். வானொலி என்ற சொல் வாயில் வரக்கூடாது என்பதற்காக அதற்கு 'ஜோசஃபின்' என்று பெண் பெயர் வைத்திருந்தார் சிபில். வானொலி வைத்திருந்தாலே உயிர் போகக்கூடிய காலம் அது.

1943இல் குடும்பம் பிடிபட்டது. கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய இராணுவக் காவற்படையின் சித்திரவதையில் சிபிலின் முதுகெலும்பும் தாடையும் சிதைந்தன. இளைய மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டியும் மிரட்டினார்கள். சிபில் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. 1945இல் பத்து காஜா சிறையிலிருந்து விடுதலையாகி, சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் பெற்ற சில மாதங்களில், 1948 ஜூன் 12 அன்று ஸ்காட்லாந்தில் காலமானார். அவர் எழுதிய நினைவுக்குறிப்பு 1954இல் நூலாக வந்தது.

போருக்குப் பின் ஈயம் மீண்டும் சில பத்தாண்டுகள் சோறு போட்டது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் கிந்தாவின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. அதற்கு ஓராண்டு முன்பே பாப்பான் வேறொரு போரில் இறங்கியிருந்தது. ஈயம் பிரித்தபின் மிஞ்சும் 'அமாங்' மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து அருமண் உலோகங்களை எடுக்கும் ஏஷியன் ரேர் எர்த் ஆலை, அருகிலிருந்த புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கியது. அதன் கதிரியக்கத் தோரியக் கழிவைப் புதைக்கப் பாப்பானில் குழிகள் தோண்டப்பட்டன. 1984இல் மக்கள் திரண்டு மறியல் செய்தார்கள், உண்ணாவிரதமும் இருந்தார்கள். பன்னாட்டு அணுசக்தி முகமை வல்லுநர்களும் குழிகள் பாதுகாப்பற்றவை என்றார்கள். 1985 ஜனவரியில் அரசு, கழிவுக் கிடங்கைக் கிளேடாங் மலைத்தொடரின் வேறோர் இடத்துக்கு மாற்றியது. புக்கிட் மேரா மக்களின் வழக்கு தனியே நடந்து, 1994இல் ஆலை மூடப்பட்டது. படிப்பும் பணமும் குறைந்த ஒரு சிற்றூர் கழிவுக் குழியைத் தன் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தது மலேசியச் சுற்றுச்சூழல் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. ஊருக்கு வருகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் கேட்பதில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு அரை நாள் போதும். பெரிய தெருவில் காலையில் நடப்பது நல்லது. இடிந்த வீடுகளுக்குள் நுழையக் கூடாது, தரைப்பலகை உளுத்திருக்கும். 74ஆம் எண் வீட்டை மரபு ஆர்வலர்கள் சிறு நினைவகமாக ஆக்கியிருக்கிறார்கள். அரசு அருங்காட்சியகம் அல்லாததால் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஈப்போவுக்குத் திரும்பியதும் புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட சிபிலின் உடல் 1949 மார்ச்சில் கொண்டுவரப்பட்டு அங்கேதான் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.