எழுவாய் இல்லாத சரித்திரம்

1790இல் கம்பெனி எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பிடித்தது. 'பிடித்தது' என்ற சொல்லில் ஒளிவுமறைவு இல்லை. 1944இல் வங்காளத்தின் கரக்பூரைச் சுற்றி அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்குத் தளங்கள் 'அளிக்கப்பட்டன'. அளித்தது யார்? 1939இல் நம்மைக் கேளாமலே நம்மை யுத்தத்தில் இறக்கிய பிரிட்டிஷ் இந்திய சர்க்கார். நேசம் பிரிட்டனுடையது, நிலமும் மண் சுமந்த கூலிகளும் நம்முடையவை.

அங்கே ஹிஜ்லி சிறை முகாமில் 1931இல் நிராயுதபாணிக் கைதிகள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யுத்தத்தின்போது அதே கட்டடம் அமெரிக்க விமானப்படையின் தலைமையகமாயிற்று. சுதந்திரம் கேட்டவர்களை அடைத்த சுவர்களுக்குள்ளிருந்தே சுதந்திரத்துக்கான யுத்தம் நடத்தப்பட்டது. 1951இல் அங்கேதான் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியது.

செயப்பாட்டு வினையில் எழுதப்படும் சரித்திரத்தில் எழுவாயைத் தேடுவதுதான் வாசகன் வேலை.