ஹெரால்ட் பெல்லின் 401

ட்ரான்மியர் ரோவர்ஸ் க்ளப்பின் சரித்திரத்தில் இரண்டு பெல்கள் உண்டு. முதலாமவர் ‘பன்னி’ பெல், ஃபார்வர்ட். 1935 டிசம்பர் 26 அன்று ஓல்டம் அணியை ட்ரான்மியர் 13-4 என்று வென்றபோது, அதில் ஒன்பது கோல் அவர் போட்டது. போதாக்குறைக்கு ஒரு பெனால்டியை வேறு கோட்டைவிட்டார். ஒரே மத்தியானத்தில் ஆயுசுக்கும் போதுமான புகழ்.

இரண்டாமவர் ஹெரால்ட் பெல், டிஃபெண்டர். அவருக்கு ஒன்பது வருடம் பிடித்தது. அந்த ஒன்பது வருடமும் அவர் செய்த சாதனை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தது. அவ்வளவுதான்.

போரால் நின்றுபோயிருந்த இங்கிலாந்து லீக் 1946 ஆகஸ்ட் 31 அன்று மறுபடி தொடங்கியது. அன்றிலிருந்து 1955 ஆகஸ்ட் 30 வரை ட்ரான்மியரின் அணிப் பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போகவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக வருகிறது. முதல் நான்கு சீசன்களில் 22 க்ளப்கள், ஆளுக்கு 42 ஆட்டம்: 168. 1950இல் க்ளப்கள் 24 ஆனதும் ஐந்து சீசன்களுக்கு 46 வீதம்: 230. பிறகு 1955-56 சீசனின் முதல் மூன்று ஆட்டங்கள். மொத்தம் 401. எஃப்.ஏ. கோப்பை முதலிய மற்ற ஆட்டங்களையும் சேர்த்தால் தொடர்ச்சியாக 459.

இதெல்லாம் நடந்த இடம் பளபளப்பானது இல்லை. ட்ரான்மியரின் மைதானம் பிர்கன்ஹெட்டில், கப்பல் கட்டும் ஊரில் இருக்கிறது. மெர்ஸி ஆற்றைத் தாண்டினால் லிவர்பூல், எவர்டன் என்று இரண்டு பெரிய க்ளப்கள். பெல்லின் முதல் சீசனில் லிவர்பூல் நாட்டின் சாம்பியன் ஆனது. அதே சீசனில் ட்ரான்மியர் இருந்தது மூன்றாம் டிவிஷன் வடக்கில். பாரோ, கார்லைல், ராச்டேல், கேட்ஸ்ஹெட், அக்ரிங்டன் என்று பனியும் சேறுமான ஊர்களுக்குப் போய் ஆட வேண்டும். முதலிடம் பிடிக்கும் ஒரே ஒரு க்ளப்புக்குத்தான் மேலே போக அனுமதி. 1947 குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்த்ததில் ஆட்டங்கள் தள்ளிப்போய், சீசன் ஜூன் மாதம் வரை இழுத்தது.

பெல் ஆடிய இடம் சென்டர் ஹாஃப். பழைய நாட்களில் அது நடுக்களத்து வேலை. 1925இல் ஆஃப்சைடு விதி தளர்த்தப்பட்டதும் ஃபார்வர்டுகளுக்குக் கொண்டாட்டம். சென்டர் ஹாஃப் பின்வாங்கி, எதிரணியின் சென்டர் ஃபார்வர்டுக்குக் காவல் நிற்பவராக மாறினார். பெயர் மட்டும் பழையபடியே தங்கிவிட்டது. முட்டி மோதி, எகிறித் தலையால் பந்தை அடித்து வெளியேற்றும் வேலை அது. தோல் பந்து மழையில் ஊறினால் கல்லாகக் கனக்கும்.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். எங்கள் தொழிலில் ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். அதற்கென்றே காத்திருக்கும் இயந்திரங்கள் உண்டு. பெல்லின் காலத்துக் கால்பந்தில் அது கிடையாது. மாற்று ஆட்டக்காரரை இறக்க லீக் அனுமதித்தது 1965இல்தான். அதுவரை அடிபட்டவரை ஓரத்தில், விங்கில் நிறுத்திவைப்பார்கள். 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் போல்டனின் எரிக் பெல் (இவர் மூன்றாவது பெல்!) தொடைத் தசை பிய்ந்து நொண்டிக்கொண்டே ஆடினார், அந்த நிலையிலும் தலையால் ஒரு கோல் போட்டார். ஆகவே 401 என்பதில் ஒவ்வொன்றும் முதல் விசிலிலிருந்தே களத்தில் இருந்த ஆட்டம். கடைசி ஐந்து நிமிடம் இறங்கிக் கணக்கில் சேர்த்துக்கொண்டது ஒன்றுகூட இல்லை.

இத்தகைய சாதனையைப் பற்றிப் பேசும்போது ‘விசுவாசம்’ என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு அங்கேதான் கொஞ்சம் உறுத்துகிறது. அன்றைய ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிந்தாலும் அவருடைய பதிவு க்ளப்பின் கையில்தான் இருக்கும். க்ளப் விடாவிட்டால் அவர் வேறெங்கும் லீக் ஆட்டம் ஆட முடியாது. வாரச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு: 1947இல் 12 பவுண்டு, 1953இல் 15. நட்சத்திர ஆட்டக்காரருக்கே அவ்வளவுதான். இந்த வரம்பு 1961இல் ஒழிந்தது. பதிவு முறை நியாயமற்ற தொழில் தடை என்று ஜார்ஜ் ஈஸ்டம் வழக்கில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தது 1963இல். வெளியே போகும் சாவி தன்னிடம் இல்லாத ஒருவர் உள்ளே இருந்ததை விசுவாசம் என்று புகழ்வது முதலாளிக்குச் சௌகரியமான புகழ்ச்சி.

ஆனால் அந்த ஒப்பந்தம் ஆளைக் கட்டிப்போடுமே தவிர, அணியில் இடம் வாங்கித் தராது. ஒவ்வொரு வாரமும் பதினோரு பேர் தேர்வு. சறுக்கினால் ரிசர்வ் அணிக்குப் போக வேண்டியதுதான். க்ளப்புக்கும் பயம் இருந்தது. டிவிஷனின் கடைசி இரண்டு இடங்களில் முடித்தால் மற்ற க்ளப்களிடம் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும். பிர்கன்ஹெட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த நியூ பிரைட்டன் க்ளப் 1951இல் அப்படி நின்று தோற்றது. அதன் இடம் வொர்க்கிங்டனுக்குப் போனது. அத்தோடு லீக்கில் அதன் கதை முடிந்தது. இப்படிப்பட்ட டிவிஷனில் தற்காப்பின் நட்டநடு இடத்தை ஒன்பது வருடம் ஒருவருக்கே கொடுத்தார்கள் என்றால், அவர் வந்தார் என்பதோடு அவர் தேவைப்பட்டார் என்பதும் சேர்கிறது. எந்தச் சட்டமும் வாங்கித் தராத பகுதி இது. இதுதான் பெல்லுக்குச் சொந்தமானது என்று நினைக்கிறேன்.

1955 ஆகஸ்ட் 30, செவ்வாய்க்கிழமை, பட்டியலில் அவர் பெயர் இல்லை. தொடர் அறுந்தது, ஆட்டம் நிற்கவில்லை. ட்ரான்மியருக்காக மொத்தம் 595 லீக் ஆட்டங்கள் ஆடினார். பிற்காலத்தில் அந்தத் தொடரை நெருங்கிவந்தவர் கோல்கீப்பர் டேவ் பெசன்ட். 1981 முதல் 1990 வரை விம்பிள்டன், நியூகாசில், செல்ஸி என்று மூன்று க்ளப்களில் 394 ஆட்டங்கள். ஏழு குறைந்தது.

அந்தக் கீழ் டிவிஷன்களில் இன்றும் சீசனுக்கு 46 ஆட்டம்தான். இனி ஒருவர் புதிதாக ஆரம்பித்தால் எட்டு சீசன் முழுசாக முடித்து, ஒன்பதாவதில் 33 ஆட்டங்கள் ஆட வேண்டும். அதற்குள் ஒரு தசைப்பிடிப்போ, ஒரு சிவப்பு அட்டையோ, ஒரு காய்ச்சலோ வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.